பசு வந்த கதையும் மேய்த்தவன் பேரும்

கோவில்பட்டியிலிருந்து தென்கிழக்கே கரிசல் காட்டுக்குள் போகிற பஸ்ஸில் ஏறி பசுவந்தனையில் இறங்குகிறவர்களுக்கு முதலில் சொல்லப்படுவது ஒரு மாட்டின் கதைதான். மந்தையை விட்டு விலகி ஒரு பசு தினமும் ஒரே இடத்துக்குப் போய்ப் பால் சொரிந்ததாம். பின்னாலேயே போய்ப் பார்த்தால் அங்கே லிங்கம் இருந்ததாம். பசு உவந்து வந்து அணைந்த இடம், அதனால் பசுவந்தனை. கைலாசநாதரும் ஆனந்தவல்லியும் அங்கே கோயில் கொண்டது அப்படித்தான் என்பார்கள். ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். பசு மட்டும் மாறாது.

மந்தை என்று இருந்தால் மேய்க்கிறவன் ஒருத்தன் இருந்திருக்க வேண்டும். பசுவுக்குப் பின்னால் முதலில் போனவன் அவனாகத்தான் இருப்பான். ராசா வந்து பார்த்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த மேய்த்தவன் பேர் என்ன? இடையர் வீட்டுப் பிள்ளையாக இருந்திருக்கலாம். வருசச் சம்பளத்துக்கு மாட்டுக்கு நின்ற பள்ளக்குடிப் பையனாகவோ அருந்ததியர் வீட்டுப் பையனாகவோ இருந்திருக்கலாம். எங்கள் பிள்ளையாக இருந்திருந்தால் ஒன்று நிச்சயம். தான் முதலில் கண்ட சாமியை உள்ளே போய்க் கும்பிட, 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரைக்கும் அவன் வம்சம் காத்திருந்திருக்கும். சட்டம் வந்த பிறகும் எத்தனை ஊரில் எத்தனை காலம் காத்துக் கிடந்தோம் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

இந்தக் கேள்வி சும்மா வரவில்லை. எங்கள் பக்கத்துத் தெரு ஒன்றில் இளவட்டங்கள் சேர்ந்து ஒரு படிப்பகம் திறந்தார்கள். "அண்ணே, நீங்க தமிழ் படிச்சவுக. நம்ம ஊர்ப் பக்கத்து வரலாற்ற ஒரு பக்கத்துக்கு எழுதிக் குடுங்க, செவுத்துல எழுதிப் போடணும்" என்று கேட்டார்கள். ஒரு பக்கம்தானே என்று ஒத்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, நான் படித்த வரலாறு எதிலும் அந்தத் தெரு இல்லை என்பது. கோயில் இருக்கிறது, கோட்டை இருக்கிறது, எட்டையபுரம் அரண்மனை இருக்கிறது. தெரு இல்லை.

ஊரின் பாரம்பரியம் என்று மற்றவர்கள் பேசும்போது எதைச் சொல்கிறார்கள்? தேர், தெப்பம், மண்டகப்படி, கல்வெட்டு, முதல் மரியாதை. இந்திய கிராமங்கள் குட்டிக் குடியரசுகள் என்று சார்லஸ் மெட்காஃப் என்ற கம்பெனி அதிகாரி 1830-இல் எழுதினார். ராச்சியங்கள் வரும் போகும், கிராமம் மட்டும் அப்படியே நிற்கும் என்பது அவர் வியப்பு. நம் தேசியவாதிகளுக்கு அது தேனாக இனித்தது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் அந்தத் தேன்கூட்டைத் தட்டிவிட்டார். கிராமம் என்பது குறுகிய புத்தியும் அறியாமையும் சாதிவெறியும் தேங்கிக் கிடக்கிற குட்டை என்ற பொருளில் அவர் பேசியதற்கு இன்றைக்கு வரைக்கும் பலருக்குக் கோபம் ஆறவில்லை. அவர் கேட்டதும் எங்கள் இளவட்டங்கள் கேட்பதும் ஒன்றுதான். அந்தக் குடியரசில் நாங்கள் எங்கே இருந்தோம்?

கல்வெட்டைக் கேட்டுப் பார்ப்போம். ராசராசன் எழுப்பிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி வாங்காமல் கழித்துவிட்ட நிலங்களைச் சொல்லிக்கொண்டே வரும்போது பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரி வருகிறது, சுடுகாடும் வருகிறது. விளக்கெரிக்க ஆடு கொடுத்தவன் பேர் வரும். தளிச்சேரிப் பெண்கள் நானூறு பேரின் பேரும், எந்த வரிசையில் எத்தனையாவது வீடு என்பதும்கூட வரும். சேரியில் குடியிருந்தவன் ஒருத்தன் பேரும் அந்தக் கழிவுக் கணக்கில் வராது. ஆயிரம் வருசத்துக்கு முந்தியே நாங்கள் இருந்தோம் என்பதற்குக் கல்லில் சாட்சி இருக்கிறது. கழித்துவிட்ட நிலமாக இருந்தோம்.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். பசுவந்தனையிலிருந்து ஒட்டப்பிடாரம் போகிற வழியில் போனால் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் வந்துவிடலாம். வ.உ.சி. 1872-இல் பிறந்தது ஒட்டப்பிடாரம். அதற்குப் பக்கத்திலேயே கட்டபொம்மன் கோட்டை. 1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேன் படை அந்தக் கோட்டையைத் தாக்கியது. அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். கோட்டையை இடித்தார்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பி வந்தார். வந்த சில நாட்களுக்குள் இடித்த இடத்தில் மறுபடியும் கோட்டை நின்றது. மார்ச் 31 அன்று வெள்ளைக்காரப் படை முட்டிப் பார்த்துத் தோற்றது. மே 24 அன்றுதான் கர்னல் அக்னியூவால் பிடிக்க முடிந்தது.

பிடித்த பிறகு செய்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. கோட்டையைத் தரைமட்டமாக்கி, அந்த மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். பாஞ்சாலங்குறிச்சி என்ற பேரையே சர்க்கார் பதிவேடுகளிலிருந்து அடித்துவிட உத்தரவு போட்டார்கள். 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதிய கால்டுவெல் பாதிரியார் இதைப் பதிந்து வைத்திருக்கிறார். எதிர்த்தவனுக்குக் கொடுக்கிற பெரிய தண்டனை, கணக்கிலிருந்து பேரை எடுப்பது என்று கம்பெனிக்காரன் தெரிந்து வைத்திருந்தான்.

பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்கும்போது கோபம் கோபமாக வரும். இப்போது யோசித்தால் வேறொன்று தோன்றுகிறது. பாளையக்காரன் பேரை 1801-இல் அடித்தார்கள். அடிக்க வேண்டுமானால் முதலில் எழுதியிருக்க வேண்டுமே. எங்கள் பேரை யாரும் அடிக்கவில்லை, எழுதினால்தானே அடிப்பதற்கு. அவனுக்குத் தண்டனையாக வந்தது எங்களுக்குப் பிறக்கும்போதே வந்தது.

சில நாளில் எழும்பிய அந்தக் கோட்டை மண்கோட்டைதான். தாக்க வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களே வியந்து எழுதியிருக்கிறார்கள். வியப்பு ஊமைத்துரையைப் பற்றி. மண் வெட்டியது யார், குழைத்தது யார், கூடையில் சுமந்து மேலே ஏற்றியது யார் என்று யாரும் கேட்கவில்லை. கரிசக்காட்டில் மண்வேலை செய்தவர்கள் யார் என்று எங்கள் தெருவில் சின்னப்பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

பாஞ்சாலங்குறிச்சியில் செத்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அங்கேயே கல்லறை உண்டு. கல்லில் பேர் வெட்டியிருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது, எங்கிருந்தோ வந்தவனுக்கு எங்கள் மண்ணில் பேரோடு இடம் கிடைத்ததே என்றிருந்தது. அவன் நாட்டுக் கிராமம் எப்படி என்று தேடிப் படித்தேன். 1086-இல் இங்கிலாந்து ராசா எடுத்த ஊர்க்கணக்கு ஒன்று இருக்கிறது, டூம்ஸ்டே புத்தகம் என்பார்கள். அதில் பிரபுக்களுக்குப் பேர் உண்டு. குடியானவனுக்கும் அடிமைக்கும் எண்ணிக்கைதான், இன்ன ஊரில் இத்தனை அடிமை என்று. அங்கேயும் அப்படித்தான். ஆனால் 1538-இல் ஒரு உத்தரவு வந்தது. ஒவ்வொரு கோயில்பற்று ஊரிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் வாரந்தோறும் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று. வயலில் கூலி செய்தவன் பேரும் அவன் பெண்டாட்டி பிள்ளை பேரும் அதில் ஏறியது. இன்றைக்கு அங்கே சின்ன ஊர்க்காரன்கூட என் பாட்டனுக்குப் பாட்டன் இன்ன தேதியில் செத்தான் என்று சொல்ல முடிகிறதென்றால் அந்தப் புத்தகத்தால்தான். நான் என் பாட்டனுக்கு அப்பன் பேரோடு நின்றுவிடுகிறேன். அதுவும் பாட்டி சொல்லித்தான் தெரியும்.

ஆனாலும் மக்கள் தங்கள் கணக்கைத் தாங்களே வைத்திருந்தார்கள், வாயிலே. ஒட்டப்பிடாரம் வட்டாரத்தில் கவர்னகிரி என்ற ஊர். கட்டபொம்மன் படையில் தளபதியாக இருந்த சுந்தரலிங்கம் அந்த ஊர்க்காரர், பள்ளர் குடியில் பிறந்தவர். 1799 செப்டம்பரில் வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கில் தீயோடு பாய்ந்து கிடங்கையும் தன்னையும் சேர்த்து அழித்தார் என்பது எங்கள் மக்கள் சொல்லி வருகிற வரலாறு. கூடவே பாய்ந்தவள் அவர் முறைப்பெண் வடிவு. கம்பெனிக் கடிதங்களை வைத்து எழுதினவர்கள் கண்ணுக்கு இவர்கள் படவில்லை. கும்மியிலும் கதையிலும் தாலாட்டிலும் பட்டார்கள். இன்றைக்குக் கவர்னகிரியில் அரசு மணிமண்டபம் நிற்கிறது. ஏப்ரல் 16 பிறந்தநாளை அரசு விழாவாக எடுக்கிறார்கள். பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை 1974-இல் கட்டியாகிவிட்டது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற கவர்னகிரிக்கு மரியாதை வந்து சேர எத்தனை போராட்டம், எத்தனை மனு.

மரியாதை வந்தபோது நடந்ததையும் மறக்கக் கூடாது. 1997-இல் விருதுநகர் மாவட்டத்துக்கு ஒரு புதிய போக்குவரத்துக் கழகம் அமைத்து அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தது அரசு. அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். கல் பறந்தது, பஸ் எரிந்தது, தென்மாவட்டமெங்கும் கலவரம், உயிர்ப்பலி. கடைசியில் அந்த வருசமே அரசு ஒரு முடிவெடுத்தது. எந்த மாவட்டத்துக்கும் எந்தப் போக்குவரத்துக் கழகத்துக்கும் தலைவர்கள் பேர் வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம் என்று. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி ஆனது. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனது. ஒரு பள்ளனின் பேர் பஸ்ஸின் நெற்றியில் வருவதைப் பார்க்கச் சகிக்காமல் கட்டபொம்மன் பேரையும் வ.உ.சி. பேரையும் சேர்த்தே கழற்றி வைக்கச் சம்மதித்தது இந்தச் சமூகம். 1801-இல் வெள்ளைக்காரன் பேரை அழித்ததற்கு மேடைதோறும் அழுகிறோம். 1997-இல் பேரை அழித்ததற்கு அழுதவர் யார்?

அதற்கு இரண்டு வருசம் முந்தி, 1995 ஆகஸ்ட் 31. அதே ஒட்டப்பிடாரம் வட்டாரம், கொடியங்குளம். நூற்றுக்கணக்கான போலீஸ் ஊருக்குள் புகுந்தது. அப்போது எனக்கு விவரம் தெரியாத வயசு. பெரியவர்கள் சொல்லக் கேட்டதும் பிறகு படித்ததும்தான். வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் கொஞ்சம் தலை நிமிர்ந்த ஊர் அது. டி.வி., மின்விசிறி, தையல் மிஷின், தானியம், நகை, எதையும் விடவில்லை. குடிக்கிற கிணற்றைப் பாழாக்கினார்கள். எனக்கு இதில் உறைப்பது, படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் வெளிநாடு போக வைத்திருந்த பாஸ்போர்ட்டுகளையும் தேடி அழித்தார்கள் என்பதுதான். நகையை எடுத்தால் ஆசை என்று சொல்லலாம். சான்றிதழைக் கிழிப்பதில் என்ன லாபம்? ஆயிரம் வருசத்துக்குப் பிறகு எங்கள் பேர் ஏறிய காகிதம் அது. அதன் மதிப்பு கிழித்தவனுக்கும் தெரிந்திருக்கிறது.

இவ்வளவையும் எழுதிவிட்டு இளவட்டங்களிடம் படித்துக் காட்டினேன். அவர்களுக்குச் சந்தோசம். "சுந்தரலிங்கனார் படத்தப் பெருசா வரஞ்சு கீழ இத எழுதிருவோம்ணே" என்றார்கள். எனக்கு மட்டும் திருப்தி வரவில்லை. வீரன் வேண்டும்தான். தலை குனிந்தே நடக்கச் சொன்ன தெருவுக்கு வாளேந்திய பாட்டன் ஒருத்தன் வேண்டும். அந்த அருமை தெரியாதவன்தான் அதைக் கேலி செய்வான். ஆனாலும் வாளை மட்டும் பிடித்துக்கொண்டால் ஆண்டவர்கள் எழுதிய வரலாற்றிலேயே ஒரு ஓரத்தில் நமக்கும் இடம் கேட்டதாகத்தான் முடியும். அந்தப் பாளையத்துச் சண்டையில் ராசா செயித்திருந்தாலும் மறுநாள் காலையில் எங்கள் பாட்டி சாணி அள்ளத்தான் போயிருப்பாள்.

பாட்டியிடம் சின்ன வயசில் கேட்டிருக்கிறேன், நம்ம ஊர்க் கம்மாயை வெட்டினது யார் என்று. "ராசா வெட்டுனார்ம்பாக. ராசா எங்கிட்டு யய்யா மம்பட்டியப் பிடிச்சாரு? மண்ணெடுத்தது நம்ம ஆளுக. கரையில பொங்க வைக்கிறது மட்டும் அவுக" என்றாள். இதற்கு மேல் ஒரு வரலாற்று நூல் என்ன சொல்லிவிடப் போகிறது?

கரிசலில் வானம் பார்த்த பூமிதான் அதிகம். கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பருத்தி. ஐப்பசி கார்த்திகையில் விழுகிற மழையைப் பிடித்து வைக்கிற கம்மாய்தான் மனுசனுக்கும் மாட்டுக்கும் உசுரு. எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எத்தனை நாழி தண்ணீர், கரை எங்கே கசிகிறது, கலிங்கில் எவ்வளவு போனால் ஆபத்து, இதெல்லாம் தெரிந்தவன் நீர்ப்பாய்ச்சி. பல ஊர்களில் அவனுக்கு மடைக்குடும்பன் என்று பேர், பள்ளர் குடியைச் சேர்ந்தவன். ராத்திரி மழையில் கரைக்குக் காவல் நின்றவனும் உடைப்பில் இறங்கியவனும் அவன்தான். மடை நிற்கவில்லை என்று ஆளைப் பலி கொடுத்த கதைகள் எங்கள் பக்கத்தில் உண்டு. நான் கேட்ட கதைகளில் பலியான ஆள் எங்கள் தெருக்காரனாகவே இருக்கிறான். செத்த பிறகு சாமியாகிறான். உயிரோடு இருந்தபோது பேர் சொல்லிக் கூப்பிடாதவர்கள் செத்த பிறகு தேங்காய் உடைக்கிறார்கள்.

உருளைக்குடிக்காரரான சோ. தர்மன் 2016-இல் எழுதிய 'சூல்' நாவல் இப்படி ஒரு கம்மாயைப் பற்றியதுதான். 2019-இல் சாகித்திய அகாதமி விருது வாங்கியது. தன்னைத் தலித் எழுத்தாளர் என்று அழைக்க வேண்டாம் என்பவர் அவர். அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். தண்ணீரைப் பற்றிய அறிவு யார் கையில் இருந்தது என்பதற்கு அந்த நாவலுக்கு மேல் சாட்சி தேட வேண்டியதில்லை.

நம் வீட்டுக்குள்ளேயும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். குடும்பன் மடையைத் திறந்தான் என்று பெருமையாகச் சொல்கிறோம். 2021-இல் தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பேரும் சட்டமாகிவிட்டது. சரி. தோட்டத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் ஏற்றிய கமலைக்குத் தோல் வால் தைத்துக் கொடுத்தவன் யார்? அருந்ததியர். அந்த வால் இல்லாவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வராது. 1979-இல் பூமணி 'பிறகு' நாவலில் அழகிரி என்ற செருப்புத் தைக்கிறவரை நடுவில் வைத்து எழுதும்வரை கரிசல் இலக்கியத்தில் அவர்களுக்குத் திண்ணைகூடக் கிடைக்கவில்லை. நம் தெரு வரலாற்றில் அவர்கள் தெரு வருமா? வராவிட்டால் கல்வெட்டு வெட்டினவன் நமக்குச் செய்ததை நாம் அவர்களுக்குச் செய்கிறோம் என்று அர்த்தம்.

பெண்கள் கதை இன்னும் மோசம். 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுச் சண்டை வந்து அங்கிருந்து பஞ்சு நின்றபோது இங்கிலாந்து மில்லுக்காரன் கண் இந்தியப் பஞ்சுமேல் விழுந்தது. திருநெல்வேலிப் பஞ்சு தூத்துக்குடியில் கப்பலேறியது. 1901-இல் கோவில்பட்டியில் பண்ணை வைத்துப் பருத்தி ஆராய்ச்சி நடந்தது. எங்கள் பக்கத்துக் கருங்கண்ணிப் பருத்தி விவசாயப் புத்தகத்தில் ஏறிவிட்டது. விதைக்குப் பேர் இருக்கிறது, கப்பலுக்குப் பேர் இருக்கிறது. வெயிலில் குனிந்து பருத்தி எடுத்து மடியில் கட்டின பெண் ஒருத்திக்கும் பேர் இல்லை. வடிவின் பேராவது கிடைத்ததே என்றால், அவளும் வீரனோடு சேர்ந்து செத்ததால் கிடைத்தது.

பாட்டி செத்துப்போய் சில வருசம் கழித்து எங்கள் பக்கம் நூறு நாள் வேலை வந்தது. சட்டம் வந்தது 2005-இல். 2008-இல் எல்லா மாவட்டத்துக்கும் ஆனது. எங்கள் அம்மா அட்டை வாங்கி வேலைக்குப் போனாள். வேலை வேறென்ன, கம்மாயில் மண்ணெடுக்கிறதுதான். பாட்டி எடுத்த அதே மண். ஒரு நாள் நான் போனபோது மஸ்டர் ரோலை வைத்துப் பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பொம்பளையாக எழுந்து "இருக்கேன்" என்றார்கள். அந்தத் திட்டத்தின் குறை ஆயிரம் சொல்லலாம், நானே மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் கம்மாய் வெட்டினவர்களின் பேர் வரிசையாக எழுதிய கணக்கு ஒன்றை அன்றைக்குத்தான் என் கண்ணால் பார்த்தேன். ராசாவின் பேர் அதில் இல்லை.

படிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்ததை மாற்றினேன். சுந்தரலிங்கமும் வடிவும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே இடம் விட்டுவிட்டு, இளவட்டங்களிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, மூன்று தெருவிலும் கிழவன் கிழவிகளிடம் போய் எட்டுகிற தூரம்வரை பேர் கேட்டு எழுதச் சொன்னேன், இன்னார் மகன், இன்னார் மகள், என்ன வேலை செய்தார்கள் என்று. அருந்ததியர் தெருவில் முதலில் கேளுங்கள் என்றேன். கொஞ்சம் முணுமுணுத்தார்கள். பிறகு போனார்கள். மாடு மேய்த்தவர், மடை திறந்தவர், வால் தைத்தவர், பிரசவம் பார்த்தவர், பருத்தி எடுத்தவர், இலங்கைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பாதவர் என்று நோட்டு நிரம்பிக்கொண்டிருக்கிறது.

பசுவந்தனையில் பசுவின் பின்னால் போனவன் பேர் இனிமேல் கிடைக்காது. அதற்குப் பிறகு போனவர்களின் பேர் இன்னும் சில கிழவிகளின் வாயில் இருக்கிறது. அவர்களும் போவதற்குள் கேட்டுவிட வேண்டும். இதை வாசிக்கிற தோழர்கள் அவரவர் ஊரில் ஒரு நோட்டுப் போடுங்கள்.